பெயர்ப்பலகை யாருக்குச் சொந்தம்?

2024 மார்ச் 26 ஆம் திகதி அதிகாலையில், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து நமது கொழும்பை நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்ற கொள்கலன் கப்பல் அந்நகரின் பெரிய பாலமொன்றில் மோதியதும், பாலம் சரிந்து அதில் வேலை செய்துகொண்டிருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்ததும் வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். நம்மில் பலர் பால்டிமோர் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் அந்நகருக்கு இன்னுமொரு கதை இருக்கின்றது. வியாபாரிகளாகிய நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டிய கதை அது. அந்நகரின் விளையாட்டு அணிகள் வந்த கதையும் போன கதையும்தான் அது.

நான் விளையாட்டு விமர்சகன் அல்லன். கடை வைத்திருப்பவன். ஆகவே யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதைவிட, யார் யாருக்கு என்ன விற்றார்கள், எதை எழுதி வைத்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பதே என் கண்ணில் படுகின்றது. அந்தக் கண்ணால் பார்த்தால் பால்டிமோரின் நூறு வருட வரலாறு ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றது. ஒரு வியாபாரத்தின் பெயரும் அந்தப் பெயரை நம்பி வருகின்ற வாடிக்கையும் யாருக்குச் சொந்தம்?

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பெரிய அணிகள் ஊர்க் கழகங்கள் அல்ல. அநேகமாக எல்லாமே தனிமனிதர்களுக்கோ குடும்பங்களுக்கோ சொந்தமான கம்பனிகள். அந்த முதலாளிமார் ஒன்றுசேர்ந்து 'லீக்' என்ற அமைப்பை நடத்துகின்றார்கள். எந்த நகரத்தில் அணி இருக்கலாம், மொத்தம் எத்தனை அணிகள் இருக்கலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கின்றார்கள். பெரிய கம்பனியொன்று ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஏஜென்ட் என்று வைத்திருப்பதைப் போன்றது இது. ஏஜென்சி கிடைக்காத ஊர் எவ்வளவு பணக்கார ஊராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஏஜென்சி கைவிட்டுப் போனால், பக்கத்துத் தெருவில் இன்னொன்றைத் திறக்கவும் முடியாது.

எதிர்ப்பக்கத்துக் கடை

1914 ஆம் ஆண்டு பால்டிமோரில் ஜெக் டன் என்பவர் 'ஓரியோல்ஸ்' என்ற பேஸ்போல் அணியை நடத்தி வந்தார். இரண்டாந்தர லீக்கில் ஆடிய அணிதான், ஆயினும் நல்ல அணி. அந்த வருடம் அவர் அதே ஊரைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பேப் ரூத்.

அதே வருடம் 'பெடரல் லீக்' என்ற புதிய அமைப்பொன்று போட்டிக்குக் கிளம்பியது. அதன் பால்டிமோர் அணி, டன்னின் மைதானத்துக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கத்தில் தன் மைதானத்தை அமைத்தது. புதிய அணி தன்னை முதல்தர அணி என்று விளம்பரப்படுத்தியது. சனம் அந்தப் பக்கம் போய்விட்டது. டன்னின் அணி வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தது, ஆனால் இருக்கைகள் காலி. கையில் பணமில்லாத நிலையில் அவர் பேப் ரூத்தையும் வேறு இருவரையும் அந்த ஜூலை மாதமே பொஸ்டன் அணிக்கு விற்றார். அந்நகரில் பிறந்த மிகப் பெரிய வீரர் அந்நகரின் கையைவிட்டுப் போனது இப்படித்தான். சரக்கு நல்லதாக இருந்தும், நாளாந்தச் செலவுக்குக் காசில்லாமல் அதைக் கைமாற்ற நேர்ந்தவர்களை நமது கடைத்தெருவிலும் கண்டிருக்கின்றோம்.

டன் 1915 இல் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். அந்த வருட முடிவில் பெடரல் லீக் விழுந்தது. உடனே திரும்பி வந்த டன், எதிரி கட்டிய அதே மைதானத்தையே தன் மைதானமாக்கிக்கொண்டார். பொறுமைக்குக் கிடைத்த கூலி என்றுதான் சொல்ல வேண்டும்.

விழுந்த பால்டிமோர் அணியின் பங்காளிகள் சும்மா இருக்கவில்லை. பெரிய லீக்குகள் மற்றைய முதலாளிமாருக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்தபோது தங்களை ஒதுக்கிவிட்டதாகக் கூறி, ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் 80,000 டொலர் நட்டம் என்று கணித்து, சட்டப்படி அதை மூன்று மடங்காக்கி 240,000 டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1922 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்போல் ஆட்டங்களை நடத்துவது மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் அல்ல, ஆகவே அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஏகபோகத்தை உடைக்கப் போன பால்டிமோர் வியாபாரிகளின் வழக்கே அந்த ஏகபோகத்துக்குச் சட்டக் காவலாக மாறிவிட்டது. இந்தப் பாதுகாப்பு பேஸ்போலுக்கு மட்டும்தான், அமெரிக்கன் புட்போலுக்கு இல்லை என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். பின்னால் தேவைப்படும்.

தீ காட்டிய சந்தை

1944 ஜூலையில் அந்தப் பழைய மர மைதானம் தீப்பற்றி எரிந்து சாம்பலானது. வேறு வழியின்றி ஓரியோல்ஸ் அணி நகரசபையின் பெரிய மைதானத்துக்குப் போனது. அங்கேதான் அதிசயம் நடந்தது. இரண்டாந்தர லீக்குகளின் இறுதிச் சுற்று ஆட்டமொன்றுக்கு 52,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். அதே வருடம் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த முதல்தர 'வேர்ல்ட் சீரிஸ்' ஆட்டங்களில் ஒன்றுக்கேனும் அவ்வளவு கூட்டம் வரவில்லை. தன் ஊரில் எவ்வளவு வாடிக்கை இருக்கின்றது என்பதைப் பால்டிமோர் அறிந்துகொள்ள ஒரு தீ தேவைப்பட்டது. சிறிய கடைக்குள் இருக்கும்வரை நமக்கு வாசலில் நிற்பவர்கள்தான் தெரிவார்கள், இடமில்லையென்று திரும்பிப் போனவர்கள் தெரியமாட்டார்கள்.

பத்து வருடம் கழித்து, 1954 இல், அந்தச் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்தே ஒரு முதல்தர அணி பால்டிமோருக்கு இடம்பெயர்ந்தது. செயின்ட் லூயிஸில் அதன் பெயர் பிரவுன்ஸ். பால்டிமோரில் அதற்கு ஊரின் பழைய பெயரான ஓரியோல்ஸ் சூட்டப்பட்டது. 1966, 1970, 1983 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி வேர்ல்ட் சீரிஸை வென்றது.

இதற்கு ஒரு வருடம் முன்னதாக அமெரிக்கன் புட்போலும் வந்து சேர்ந்தது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகின்ற, நமது றக்பியைப் போன்ற விளையாட்டு அது. 'கோல்ட்ஸ்' என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் அணி இருந்து 1950 பருவத்தோடு கலைந்திருந்தது. கோல்ட்ஸ் என்றால் இளம் ஆண் குதிரைகள். மீண்டும் அணி வேண்டுமானால் 6 வாரங்களுக்குள் 15,000 சீசன் டிக்கட்டுகளை விற்றுக் காட்டுங்கள் என்று என்.எப்.எல். அமைப்பின் தலைவர் பேர்ட் பெல் சவால் விட்டார். அணியே இல்லை, வீரர்கள் யாரென்று தெரியாது, ஆயினும் பால்டிமோர் மக்கள் 5 வாரங்கள் முடியுமுன்னரே அத்தனை டிக்கட்டுகளையும் வாங்கி முடித்தார்கள். அதாவது, முதலாளி தன் பணத்தைப் போடுவதற்கு முன்னால் வாடிக்கையாளர்களே முதல் போட்டார்கள்.

அந்த முதல் வீண்போகவில்லை. 1958 டிசம்பர் 28 ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்த இறுதியாட்டத்தில், ஜொனி யுனைட்டஸ் என்ற வீரரின் வழிநடத்தலில், கோல்ட்ஸ் மேலதிக நேரத்தில் 23-17 என்று வென்றது. தொலைக்காட்சியில் நாடே பார்த்த அந்த ஆட்டம்தான் புட்போலை அமெரிக்காவின் பெரும் வியாபாரமாக மாற்றியது என்று கூறுவோர் அநேகர். மறுவருடமும் கோல்ட்ஸே சம்பியன்.

ஒரு இரவில் போன கடை

1972 இல் நடந்த கைமாற்றத்தைக் கேட்டால் பழம்பெரும் வியாபாரிகளும் மூக்கில் விரலை வைப்பார்கள். கோல்ட்ஸ் முதலாளி கரோல் ரோசன்புளூம் தன் அணியை விற்கவில்லை. ரொபர்ட் இர்சே என்பவர் லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியை வாங்கி, உடனேயே அதை ரோசன்புளூமிடம் கொடுத்துக் கோல்ட்ஸை எடுத்துக்கொண்டார். கடைக்குக் கடை மாற்று! சட்டத்தில் பிழையில்லை. ஆனால் 15,000 டிக்கட் வாங்கி அந்த அணியை வரவழைத்த ஊரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை.

அடுத்த வருடமே வேறோர் அடி விழுந்தது. 1963 இல் சிக்காகோவிலிருந்து வந்திருந்த 'புலட்ஸ்' கூடைப்பந்தாட்ட அணி, 1973 இல் வொஷிங்டன் புறநகருக்கு இடம்மாறியது.

இர்சேயின் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மைதானம் பழையது. பேஸ்போல் அணியோடு அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அணி தோற்கத் தோற்கக் கூட்டமும் குறைந்தது. புதிய மைதானம் கேட்டார், பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் இழுபட்டது. இன்டியனாபொலிஸ் நகரமோ அணி கிடைக்குமுன்னரே கூரை போட்ட பெரிய மைதானமொன்றைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது. லீக் இதைத் தடுத்திருக்கலாம் அல்லவா? 1982 இல் இன்னோர் அணி இடம்மாறுவதைத் தடுக்கப்போய், ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் என்.எப்.எல். தோற்றிருந்தது. பேஸ்போலுக்கு இருந்த பாதுகாப்பு புட்போலுக்கு இல்லை என்று முன்னர் சொன்னது இதற்காகத்தான். சூடுகண்ட லீக், போவதென்றால் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டது.

1984 மார்ச் மாத இறுதியில் மேரிலண்ட் மாநில சட்டசபை, அணியைப் பொதுத் தேவைக்கென அரசு சுவீகரிக்க வழிசெய்யும் சட்டமொன்றை அவசரமாகக் கொண்டுவந்தது. செனட் சபை அதை நிறைவேற்றியது. மறுநாள், மார்ச் 28 இரவு, இன்டியனாபொலிஸைச் சேர்ந்த மேபிளவர் கம்பனியின் லொறிகள் 15 வந்து சேர்ந்தன. விடியுமுன் அணியின் சாமான்கள் அனைத்தும் ஏற்றப்பட்டுவிட்டன. காலையில் எழுந்த பால்டிமோர் மக்களுக்கு 31 வருட அணி இல்லை. நகரம் வழக்குப் போட்டது. 1985 இல் நீதிமன்றம், சட்டம் கைக்கு வருமுன்னரே அணி மாநில எல்லையைத் தாண்டிவிட்டது என்று வழக்கைத் தள்ளிவிட்டது.

இந்த இடத்தில் என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகின்றேன். ஒருவரின் வியாபாரத்தை அரசாங்கம் சுவீகரிப்பதை நான் ஆதரிப்பவன் அல்லன். இன்று அணி, நாளை ஆலை, மறுநாள் நமது களஞ்சியம். தன் கடையை எங்கே வைப்பது என்பது உரிமையாளரின் தீர்மானம்தான். ஆனால் போகின்ற முறை என்று ஒன்று இருக்கின்றது. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதற்கும், இரவோடிரவாகச் சாமான் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் அறியாது, சந்தை அறியும். பால்டிமோர் அந்த இரவை இன்றுவரை மன்னிக்கவில்லை. யுனைட்டஸ் கூட, தான் இன்டியனாபொலிஸ் அணிக்குச் சொந்தக்காரன் அல்ல, பால்டிமோர் கோல்ட்ஸின் ஆள் என்று தன் கடைசிக் காலம்வரை பிடிவாதமாக நின்றார்.

கடை போனது, வாடிக்கை நின்றது

லொறிகள் வந்த அன்று, அணியின் பேண்ட் வாத்தியக் குழுவின் சீருடைகள் சலவைக் கடையில் இருந்தன. அவை மட்டும் தப்பின. அந்தச் சீருடைகளை அணிந்துகொண்டு, அணியே இல்லாத ஊரில், அந்தக் குழு 12 வருடங்கள் தொடர்ந்து வாசித்தது. வேறு ஊர் ஆட்டங்களின் இடைவேளையில் வாசித்தது. புதிய மைதானத்துக்கு நிதி ஒதுக்கும் விவாதம் நடந்தபோது சட்டசபையின் வாசலுக்கே போய் வாசித்தது. 'குட்வில்' என்று கணக்காளர்கள் புத்தகத்தில் எழுதுகின்றார்களே, அது என்னவென்று என்னிடம் கேட்டால் நான் இந்தக் குழுவைத்தான் காட்டுவேன். கடை பூட்டிய பின்னரும் மிஞ்சி நிற்பதே குட்வில்.

ஆனால் பெயர்? அதுதான் வேடிக்கை. 1994 இல் கனடா லீக்கைச் சேர்ந்த புதிய அணியொன்று பால்டிமோருக்கு வந்தது. அதன் முதலாளி ஊரின் விருப்பப்படி 'கோல்ட்ஸ்' என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். இன்டியனாபொலிஸ் அணி நீதிமன்றம் போனது. பெயரின் உரிமை எங்களுடையது, இதே பெயரில் இன்னோர் அணி சட்டையும் டிக்கட்டும் விற்றால் வாங்குபவர் குழம்புவார் என்பது அதன் வாதம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெயரை வளர்த்த ஊருக்கு அந்தப் பெயரைச் சொல்ல உரிமையில்லை, விட்டுப் போனவருக்கு இருக்கின்றது! அந்த வருடம் அணி பெயரில்லாமலே ஆடியது. அறிவிப்பாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்துவார், அரங்கம் முழுவதும் 'கோல்ட்ஸ்' என்று கத்தும். அறிவிப்பாளரைக் கட்டுப்படுத்தலாம், ஆயிரக்கணக்கான வாய்களை எந்த நீதிமன்றம் கட்டுப்படுத்தும்?

சட்டக் கண்ணால் பார்த்தால் தீர்ப்பு சரியானதே. வர்த்தகக் குறி என்பது உரிமையாளரின் சொத்து. அதைக் காப்பாற்றாவிட்டால் நாளை யாரும் நமது பெயரைத் தன் கடையில் மாட்டிக்கொள்வான். இருந்தாலும் அந்தச் சட்டத்துக்கும் மக்களின் மனதுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கின்றது. வியாபாரம் அந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றது.

பறிகொடுத்தவன் பறித்தபோது

1995 நவம்பர் 6 ஆம் திகதி கதை தலைகீழானது. கிளீவ்லண்ட் நகரின் 'பிரவுன்ஸ்' புட்போல் அணியின் முதலாளி ஆர்ட் மொடெல், தன் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். பால்டிமோர் அவருக்கு வாடகையில்லாத புதிய மைதானம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. கிளீவ்லண்டில் அவர் நிர்வகித்த பழைய மைதானத்திலிருந்து பேஸ்போல் அணி 1994 இல் தன் சொந்த மைதானத்துக்குப் போய்விட்டதால் அவருடைய வருமானம் விழுந்திருந்தது. உப வாடகைக்காரரை நம்பிக் கடன் வாங்கியவர்களின் நிலை எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அறிவிப்புக்கு மறுநாளே, மைதானத்தைத் திருத்துவதற்கான வரிக்குக் கிளீவ்லண்ட் மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். ஆனாலும் அவர் முடிவை மாற்றவில்லை.

பதினொரு வருடம் அழுத பால்டிமோர், இப்போது வேறோர் ஊரை அழவைத்தது. அந்நகரில் மனச்சாட்சியுள்ள பலருக்கு இது உறுத்தவே செய்தது.

ஆனால் கிளீவ்லண்ட் பால்டிமோரைப்போல் கைவிரித்து நிற்கவில்லை. காரணம் ஒன்றே ஒன்று. அதன் கையில் 1998 வரை செல்லுபடியாகும் குத்தகை ஒப்பந்தம் இருந்தது. பால்டிமோர் கையில் 1984 இல் அப்படியான நீண்ட குத்தகை இருக்கவில்லை. அந்தக் கடதாசியை வைத்துக் கிளீவ்லண்ட் வழக்குப் போட்டது, லீக்கோடு பேரம் பேசியது. 1996 பெப்ரவரியில் இணக்கம் வந்தது. மொடெல் வீரர்களோடும் ஊழியர்களோடும் போகலாம். 'பிரவுன்ஸ்' என்ற பெயரும் நிறமும் 1946 முதலான சாதனைப் பதிவுகளும் கிளீவ்லண்டுக்கே சொந்தம். 1999 இல் அதே பெயரில் புதிய அணி அங்கே ஆடத் தொடங்கியது.

பெயரில்லாமல் பால்டிமோருக்கு வந்த அணிக்கு, பத்திரிகை வாசகர்களின் வாக்கெடுப்பில் 'ரேவன்ஸ்' என்ற பெயர் கிடைத்தது. ரேவன் என்றால் அண்டங்காக்கை. 1849 இல் அந்நகரில் மரணமடைந்த கவிஞர் எட்கர் அலன் போவின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். அந்தப் பேண்ட் குழு ரேவன்ஸின் குழுவாகியது. பெயர் புதிது, வாடிக்கை பழையது. 2001 இலும் 2013 இலும் ரேவன்ஸ் 'சூப்பர் போல்' வென்றது. இதே அணியின் முதல் இலச்சினையைப் பற்றி ஒரு வழக்கும் உண்டு. அது தன் வரைபடத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று காவலாளி ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1998 இல் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள், அணி இலச்சினையை மாற்றியது. ஆனால் நட்டஈடாக அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. உரிமை இருப்பது ஒன்று, அதைப் பணமாக்குவது வேறொன்று.

மொடெலின் முடிவையும் பாருங்கள். இலவச மைதானம் கிடைத்தும் அவருடைய கடன் தீரவில்லை. 49 சதவீதத்தை ஸ்டீவ் பிஷோட்டி என்பவருக்கு விற்று, 2004 இல் நிர்வாகத்தையும் அவரிடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இடம் மாறினால் கணக்கு மாறும் என்று நினைக்கின்ற வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். கடன் லொறியில் ஏறி நம்முடனேயே வரும்.

நல்ல கட்டடம் மட்டும் போதுமா?

கோல்ட்ஸ் போன பயத்தில் மேரிலண்ட் மாநிலம் 1986 இல் மைதான அதிகாரசபை ஒன்றை அமைத்து, லொத்தர் வருமானத்தைக் கொண்டு ஓரியோல்ஸ் அணிக்குப் புதிய மைதானம் கட்டியது. 1992 ஏப்ரலில் திறக்கப்பட்ட 'கேம்டன் யார்ட்ஸ்' நகரின் மத்தியில், பழைய புகையிரதக் கம்பனியின் நீண்ட செங்கல் களஞ்சியத்தை இடிக்காமல் அருகில் வைத்துக்கொண்டு எழும்பியது. அதற்குப் பின் அமெரிக்காவில் கட்டப்பட்ட பல மைதானங்கள் அதைப் பார்த்தே கட்டப்பட்டன.

அங்கேதான் 1995 செப்டெம்பர் 6 ஆம் திகதி கல் ரிப்கன் என்ற வீரர், ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ச்சியாக 2,131 ஆவது ஆட்டத்தில் இறங்கி, 56 வருடச் சாதனையை முறியடித்தார். தினமும் நேரத்துக்குக் கடை திறக்கின்றவனின் மகிமை வியாபாரிக்குத் தெரியும்.

ஆனால் அதே அழகிய மைதானத்தில் 1998 முதல் 2011 வரை 14 வருடங்கள் தொடர்ச்சியாக ஓரியோல்ஸ் வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டது. 2005 இல் பக்கத்து வொஷிங்டனுக்கும் ஓர் அணி வந்தது. கட்டடம் கூட்டத்தைக் கூப்பிடும், தங்க வைப்பது சரக்குத்தான். அப்படியிருந்தும், 1993 இல் 173 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்ட அந்த அணி 2024 இல் 1,725 மில்லியன் டொலருக்குக் கைமாறியது. இடையில் உரிமையாளர் குடும்பத்துக்குள்ளேயே வழக்கும் எழுந்து ஓய்ந்தது. சுமார் பத்து மடங்கு விலை! மைதானம் கட்டியது மக்கள் பணம், இலாபம் கண்டது முதலாளி. பொதுப் பணத்தில் மைதானம் கட்டுவது ஊருக்கு இலாபம் தராது என்பதே பெரும்பாலான பொருளியலாளர்களின் முடிவு. நகரங்கள் இதை அறியாமல் கொடுக்கவில்லை, இழந்துவிடுவோம் என்ற பயத்தில் கொடுக்கின்றன. பயந்தவன் செய்கின்ற பேரத்தில் விலை என்றும் கூடத்தான் இருக்கும்.

ஆயினும் பால்டிமோர் ஒன்றைக் கற்றுக்கொண்டது. அணியை விற்பதற்கு முன்னர், 2023 டிசம்பரில், 30 வருடக் குத்தகை கையெழுத்தானது. இம்முறை கடதாசி முதலில் வந்தது.

நமக்கு என்ன?

"வாடிக்கைக்காரர் கடைக்கு வாறாங்களா, முதலாளிக்கு வாறாங்களா நானா?" என்று எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அண்ணன் தம்பி பிரியும்போது இந்தக் கேள்விதான் எழும்பும். வாப்பா பெயரில் ஓடிய கடை இரண்டாகும், இருவரும் அதே பெயரை மாட்டுவார்கள், ஒருவர் 'பழைய' என்றும் மற்றவர் 'அசல்' என்றும் எழுதுவார். சனம் இரண்டுக்கும் நடுவில் நின்று மூன்றாவது கடைக்குப் போகும்.

பால்டிமோரையும் கிளீவ்லண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவு. இரண்டு ஊர் மக்களின் அன்பிலும் குறைவில்லை. பெயரைக் காப்பாற்றியது அன்பு அல்ல, காலாவதியாகாத ஒரு ஒப்பந்தம். கூட்டு வியாபாரம் செய்பவர்கள் நட்பு நன்றாக இருக்கும்போதே, பிரிந்தால் பெயர் யாருக்கு, தொலைபேசி இலக்கம் யாருக்கு, கடன் புத்தகம் யாருக்கு என்று எழுதிவிட வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் போதும் என்று அநேகர் எண்ணுகின்றார்கள். அது வேறு, வர்த்தகக் குறியாகப் பதிவது வேறு. பின்னையதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஐம்பது வருடப் பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பதிவைச் செய்யாமல் இருப்பது, பூட்டில்லாத கடையில் தூங்குவதற்குச் சமம்.

இது சட்டம் சொல்கின்ற பாதி. மற்றப் பாதியைச் சட்டம் சொல்லாது. கோல்ட்ஸ் என்ற பெயர் இன்றும் இன்டியனாபொலிஸுக்கே சொந்தம், ஒரு சதமும் குறையாமல். ஆனால் அந்தப் பெயரோடு 1953 இல் டிக்கட் வாங்கிய பதினையாயிரம் பேரையும், 12 வருடம் வாசித்த பேண்ட் குழுவையும் இர்சேயால் லொறியில் ஏற்ற முடியவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாம். அதன் கீழே நின்ற சனத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகின்றவனுக்கே அவர்களில் நாலு பேராவது பின்னால் வருவார்கள்.